மூன்று இழை செம்புக் கம்பி

அந்த மத்தியானம் எங்கள் காம்பவுண்டில் ஏதோ கருகுகிற நாற்றம் வந்தது. ஆறு குடித்தனத்தில் ஒருவரும் எழுந்து பார்க்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். தண்டையார்பேட்டையில் குடியிருந்தவர்களுக்குப் புரியும். மணலி ஆலைப் பக்கத்துக் காற்று அடித்தால் கண் எரியும். காசிமேட்டுக் காற்று அடித்தால் கருவாடு. கால்வாய்ப் பக்கமிருந்து வந்தால்... வேண்டாம், இந்தப் பத்திரிகையைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் உண்டென்று எனக்குத் தெரியும். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கிற வழக்கமே எங்களிடம் கிடையாது. வந்தால் ஜன்னலைச் சாத்துவோம்.

நானும் சாத்தினேன். சாத்தியதும் நாற்றம் கூடியது.

அப்போதுதான் உறைத்தது. இது வெளியிலிருந்து வருகிற நாற்றம் இல்லை.

கதவைத் திறந்துகொண்டு பொது நடைக்கு ஓடினேன். மாடிப்படிக்கு அடியில்தான் ஆறு வீட்டுக்குமான பீஸ் பெட்டி இருந்தது. அதிலிருந்து மரச்சட்டத்தின் மேல் ஓர் ஒயர், மாவு அரைத்து விற்கிற நூரு அக்கா வீட்டுக்குள் போகும். அந்த ஒயர் நெடுகப் புகைந்துகொண்டிருந்தது. உறை உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்தது. நூரு அக்கா கடைக்கு மாவு கொடுக்கப் போயிருந்தார். அவர் போட்டுவிட்டுப் போன கிரைண்டர் சுற்றாமல், உள்ளுக்குள்ளேயே முனகிக்கொண்டு நின்றது.

காய்ந்த துடைப்பக் கட்டையால் மெயின் சுவிட்சைக் கீழே தட்டினேன். முனகல் நின்றது. யாரோ குடத்தோடு ஓடிவந்தார்கள். "தண்ணி வேணாம், மண்ண அள்ளிக் கொட்டு!" என்று கத்தினேன். கொட்டினோம். அடங்கிவிட்டது.

உள்ளே நூரு அக்காவின் கணவர் காதர் பாய் கட்டிலில் கிடந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர். இடுப்பு விழுந்து இரண்டு வருடமாயிற்று, தானாக எழுந்து நடக்க முடியாது. அந்த ஒயர் அவர் தலைமாட்டுச் சுவரில்தான் போனது. தலையணையில், அவர் காதுக்கு அரைச் சாண் தள்ளி, எட்டணாக் காசு அளவுக்குக் கருப்பாக ஓர் ஓட்டை.

"இன்னாமா வசந்தி, எங்க ஆளுங்கள பொதைக்கத்தாம்மா செய்வாங்க. நீ இன்னா எரிக்கப் பாக்குறே?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூட்டம் உள்ளே இருக்கும்போதே நடைக்கு வந்து, பீஸ் பெட்டியிலிருந்து நூரு அக்கா வீட்டுக்கான மூன்றாவது கட்டையைப் பிடுங்கினேன். பீங்கான் கட்டை கையைச் சுட்டது. முந்தானையில் சுருட்டி எடுத்துப்போய் எங்கள் அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்தேன்.

பீஸ் அக்கா

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போன வாரம் தண்ணி லாரிச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேனே, பிளாஸ்டிக் குடத்தால் ஒருத்தியின் மண்டையில் போட்டேன் என்று, அதே காம்பவுண்டு, அதே நான்தான்.

கல்யாணமாகி அங்கே வந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். ஆண்கள் எல்லோரும் ஷிஃப்டுக்குப் போன நேரம் பார்த்துத்தான் பீஸ் போகும். என் கணவர் சேகருக்கு எண்ணூர்ப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. ஊருக்கே கரண்ட் தயாரிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் வேலை செய்வார், நான் இங்கே இருட்டில் வெங்காயம் நறுக்குவேன்.

ஒரு நாள் எரிச்சல் தாங்காமல் நானே மெயினை அணைத்துவிட்டு, கட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே தலைமுடி கனத்தில் ஒரு கம்பி அறுந்து கிடந்தது. இவ்வளவுதானா! இதற்கா இத்தனை நாள் ஒரு ஆம்பளையைத் தேடிக்கொண்டிருந்தோம்? ஹார்டுவேர் கடையில் அந்தக் கம்பியைச் சுருளாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் பீஸ் அக்கா. என்னைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பத்தாவது பெயிலான எனக்கு அது கலெக்டர் உத்தியோகம் மாதிரி இருந்தது. இடுப்பில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு நடையில் போகும்போது ஒரு மிதப்பு வரும்.

மிதப்பு எந்த அளவுக்கு என்றால், ஆயுத பூஜைக்கு பீஸ் பெட்டிக்கும் பொட்டு வைப்பேன். மூடிக்கு இல்லை. மூடியைத் திறந்து, சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து, ஆறு கட்டைக்கும் ஆறு பொட்டு, நடுவே குங்குமம். கரண்ட் இருக்கும்போதே. நான் உயிரோடு உட்கார்ந்து இந்தத் தொடரை எழுதுவதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை.

கிரைண்டர் செருப்பு

நூரு அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காதர் பாய் படுத்த பிறகு, வளையலை விற்று ஒரு பழைய கிரைண்டர் வாங்கினார். விடியற்காலையிலேயே அரைக்க ஆரம்பித்துவிடுவார். தெருவில் நாலு மளிகைக் கடை, இரண்டு டிபன் கடை, எல்லாம் அவர் மாவுதான். அந்த ஒரு கல் சுற்றினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும், பாய்க்கு மாத்திரை வரும்.

அந்த கிரைண்டரிடம் ஒரு குணம் இருந்தது. தொட்டால் சுர்ரென்று இழுக்கும். ரிப்பேருக்கு அனுப்பினால் இரண்டு நாள் வியாபாரம் போய்விடும் என்று, நூரு அக்கா அதற்கு வேறு ஏற்பாடு செய்திருந்தார். பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. மாவைத் தள்ளிவிடப் போகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். காம்பவுண்டில் எல்லோருக்கும் கிரைண்டர் செருப்பு என்றால் தெரியும். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அரைத்தாலும் அந்தச் செருப்பில் கால் நுழைத்துத்தான் அரைத்தோம்.

நான் முதல் தடவை கையை உதறியபோது நூரு அக்கா சிரித்தார்.

"பயப்படாதமே. கடிக்காது, சொம்மா நக்கும்."

கொடிக் கம்பி

கடிக்கவில்லைதான். ஆனால் பீஸை அடிக்கடி விழுங்கியது. வாரத்துக்கு இரண்டு தடவை போனது, பிறகு தினமும் போனது. ஒரு நாள் காலையில் மட்டும் மூன்றாவது முறை. அடுப்பில் வவ்வால் மீன் பொரிந்துகொண்டிருந்தது.

"வசந்தீ! பீஸ் பூட்சுமே! பாதி மாவுல நிக்குது!"

போனேன். சுருளில் கம்பி தீர்ந்திருந்தது. கடைக்குப் போய் வந்தால் மீன் கருகும். நிமிர்ந்து பார்த்தேன், தலைக்கு மேலே துணிக்கொடி.

எங்கள் பக்கத்தில் கொடிக்கென்று யாரும் கயிறு வாங்க மாட்டார்கள். பழைய இரும்புக் கடையில் துறைமுகத்துக் கேபிள் மலிவாகக் கிடைக்கும். உப்புக் காற்றுக்கு அறுகாது, நனைந்த கம்பளியைப் போட்டாலும் தாங்கும். அந்தக் கொடியின் முனை முடிச்சுக்குக் கீழே ஒரு சாண் தொங்கிக்கொண்டிருந்தது. வெட்டினேன். பல்லால் உறையை உரித்தேன். உள்ளே பளபளவென்று செம்பு. மூன்று இழையைச் சேர்த்து முறுக்கி, நூரு அக்காவின் கட்டையில் வைத்து இறுக்கினேன்.

மீனும் கருகவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நூரு அக்கா வீட்டில் பீஸ் போகவே இல்லை. "வசந்தி கைராசி" என்று தெருவெல்லாம் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கிண்ணம் மாவு, காசு வாங்காமல் என் வீட்டுக்கு வந்தது. அந்த மாவில் இட்லி பஞ்சாக வரும். சேகர் எட்டு தின்பார், நான் பெருமையாகப் பரிமாறுவேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் கல் இறுகி மோட்டார் திணறியது. அந்த நாற்றம் வந்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

அரிசி டின்

அன்று சாயங்காலமே மாதவரத்திலிருந்து காம்பவுண்டின் சொந்தக்காரரான வீட்டுக்காரர் வந்துவிட்டார். எரிந்த சுவரைப் பார்த்தார், கிரைண்டரைப் பார்த்தார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த மிஷினு இங்க இருக்கக் கூடாது. மிஷினு வேணும்னா நீங்களும் வூட்ட காலி பண்ணிட்டு எடுத்துனு போங்க."

ஒருவரும் நூரு அக்காவுக்காகப் பேசவில்லை. கிரைண்டர் ஓடினால் டியூப் லைட் கண் சிமிட்டுகிறது என்று எல்லோருக்கும் ஏற்கெனவே மனத்தாங்கல். நூரு அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மிஷினு போச்சுன்னா நாங்க இன்னா துன்றது?" என்று மட்டும் கேட்டார். யாரைப் பார்த்துக் கேட்டார் என்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

ராத்திரி சேகரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, என்னைக் காப்பாற்ற நினைத்தார். "யாருக்கும் ஒண்ணியும் ஆவல இல்ல, வுடு. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியுமே. சோறு வைக்க அரிசி டின்னில் படியை விடும்போதெல்லாம் அந்தக் கட்டை 'ணங்' என்று இடித்தது. வேறு இடத்தில் ஒளித்து வைத்திருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை, தோன்றியபோது எடுத்து மாற்ற மனமில்லை. நான் கோழை என்று எனக்கே தெரிந்த நாட்கள் அவை. லாரிக்கு முன்னால் யார் மண்டையையும் உடைப்பேன், ஒரு வாக்கியம் பேச வாய் வரவில்லை.

மீன்பாடி வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை, முன்னால் பலகை வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி வந்து நின்றது. கிரைண்டரை வியாசர்பாடியில் ஒருவருக்கு வந்த விலைக்குக் கொடுப்பதாகப் பேச்சு. இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, ஐஸ் தண்ணீர் ஊறிய அந்தப் பலகையில் ஏற்றினார்கள். வீட்டுக்காரரும் வந்திருந்தார். கூடவே, எரிந்த லைனைச் சரிசெய்ய மூலக்கொத்தளத்திலிருந்து தாஸ் என்கிற ஒயர்மேன்.

தாஸ் பீஸ் பெட்டியைத் திறந்தார். "மூணாவது கட்ட எங்க?"

ஒருவருக்கும் தெரியவில்லை. நூரு அக்கா வண்டிக்குப் பக்கத்தில் நின்று, கிரைண்டர் மேல் ஒட்டியிருந்த காய்ந்த மாவை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். விற்கிற பொருளை யாராவது சுத்தம் செய்வார்களா? அதைப் பார்த்த பிறகு என்னால் நிற்க முடியவில்லை. உள்ளே போய் டின்னைத் தரையில் கவிழ்த்தேன். அரிசியெல்லாம் சிதறியது. கட்டையை எடுத்துவந்து தாஸ் கையில் கொடுத்தேன்.

"நான்தான் எடுத்து வெச்சேன். உள்ள கீறது கொடிக் கம்பி. நான்தான் போட்டேன்."

தாஸ் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யம்மா, இத்த போட்டா வூடு எரிஞ்சு முடிஞ்சாகூட பீஸு அப்டியே நிக்கும். கல்லு இறுகினதும் மோட்டாரு ஜாஸ்தியா இழுத்துகீது. மெல்லிசு கம்பியா இருந்தா அந்த நிமிசமே அறுந்து லைன வெட்டி வுட்டிருக்கும். இது அறுவல. அதான் ஒயரு எரிஞ்சுது."

நூரு அக்கா என் அருகில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"இத்தினி நாளா என் மூஞ்சப் பாத்துக்கினுதானே இருந்தே?"

"ஆமாக்கா."

"அவுரு தலகாணில ஓட்ட வுழுந்துச்சே. அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிக்காரரிடம் சொன்னார். "நைனா, மிஷின எறக்கு."

வீட்டுக்காரர் குதித்தார். "யாரு சொல்லி எறக்குறே? எவ போட்டா இன்னா, மிஷினு இங்க கூடாது!"

தாஸ் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "சார், மிஷின வெரட்டிட்டா மட்டும் வூடு தப்பிக்காது. இது லைட்டு எரியறதுக்கு இழுத்த லைனு. கசியற கரண்ட்ட மண்ணுக்குள்ள எறக்குற எர்த்துன்னு ஒண்ணு இங்க கெடயவே கெடயாது. நாளைக்கு யாராச்சும் ஒரு அயர்ன் பாக்ஸ் வெச்சாகூட இதே கதிதான். தனி லைனு இழுத்து, எர்த் குழி போட்டு, ஆறு வூட்டுக்கும் சேத்து, கரண்ட்டு கசிஞ்சா தானா ட்ரிப் ஆவுற சுவிட்ச் வெச்சுக் குடுக்கறேன். அப்பறம் மிஷினு பாட்டுக்கு ஓடும். ஒங்க செவுரும் நிக்கும்."

வீட்டுக்காரர் சுவரை ஒரு முறை பார்த்தார். "குழி தோண்ட ஆளு?"

"நான் தோண்டறேன்," என்றேன்.

குழி

மறுநாள் கடப்பாரையை எடுத்தேன். சேகர் லீவு போட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்தார். பத்து மணிக்குள் மேல் போர்ஷன்காரர், எதிர் போர்ஷன்காரர், இன்னொரு கடப்பாரை. எல்லோரும் அவரவர் வீட்டு லைனை நினைத்துப் பயந்திருந்தார்கள் போல. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. கேலி மட்டும் குறையவில்லை. "பீஸ் அக்கா, அப்டியே கெணறா தோண்டிரு, லாரித் தண்ணி வேணாம்" என்றார் மேல் போர்ஷன்காரர்.

இடுப்பளவு போனதும் கிளிஞ்சல் வந்தது. தோளளவு போனதும் மணல் கறுத்து, குளிர்ந்து, கடல் வாசனை அடித்தது. தாஸ் குழாயை இறக்கினார். இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய அடுப்புக்கரி ஓர் அடுக்கு, கல்லுப்பு ஓர் அடுக்கு, மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். மேலே வாய் மாதிரி ஒரு சின்னத் திறப்பு.

புதுப் பெட்டியை மாட்டியதும் தாஸ் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "பொட்டு வெக்கணும்னா மூடி மேல வைங்க. உள்ள கை வெச்சா நான் திரும்பி வரமாட்டேன். இந்த சுவிட்சு விழுந்துச்சுன்னா ஒடனே தூக்கி வுடாதீங்க. ஏன் விழுந்துச்சுன்னு மொதல்ல பாருங்க. அப்பறம், இந்தக் குழி காயக் கூடாது. டெய்லி கொஞ்சம் தண்ணி ஊத்தணும்."

"தண்ணியா!" என்று ஆறு வீடும் ஒன்றாகக் கேட்டது. குடிக்கவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரி வருகிற கோடை அது.

"என் பங்குலேருந்து ஊத்தறேன்," என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அரைக்குடம்

லாரி வரும் நாளில் நான்கு குடம் என் பங்கு. தினமும் அரைக்குடம் அந்த வாயில் போனது. மண் அதைச் சத்தமில்லாமல் குடித்துவிடும். சேகர் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

நூரு அக்கா என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். கிரைண்டர் ஓடியது, மாவு போனது, வெள்ளிக்கிழமைக் கிண்ணம் மட்டும் வரவில்லை. நடையில் எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போவார். மாவுக்காக நான் ஏங்கவில்லை. "வசந்தீ" என்று அந்த நீட்டிக் கூப்பிடுகிற குரலுக்குத்தான் ஏங்கினேன். முன்பு அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் காலையில் குழியருகே குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல்.

"ஏம்மே, ஒனக்கு புத்தி கித்தி கீதா? குடிக்கற தண்ணியக் கொண்டாந்து குழில ஊத்தறே?"

திரும்பினேன். நூரு அக்கா கையில் வாளி. கிரைண்டர் கழுவிய தண்ணீர், வெள்ளையாக.

"தாஸ கேட்டுட்டேன். எந்தத் தண்ணியா இருந்தா இன்னா, ஈரம் இருந்தா போதும்னுது. தள்ளு."

ஊற்றினார். பாலை ஊற்றுகிற மாதிரி இருந்தது. காலி வாளியோடு இரண்டு அடி போய்விட்டு நின்றார்.

"கோவம் இன்னும் போவல. சொல்லிட்டேன்."

"சரிக்கா," என்றேன். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைச் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்ப எடுத்துப்போனேன்.

விசிறி

மழைக்காலம் வந்து போனது. நூரு அக்கா செருப்பை மட்டும் விடவில்லை. இனி தேவையில்லை என்று தாஸ் சொல்லியும் நம்பவில்லை. "மிஷினுகூட அவனா நிக்கறான்? நான்தானே நிக்கறேன்" என்பார்.

ஒரு மத்தியானம் படுத்திருந்தேன். நடையில் 'டக்' என்று ஒரு சத்தம். ஆறு வீட்டு ஃபேனும் ஒன்றாகச் சுழன்று நின்றன.

"பீஸ் அக்கா! கரண்ட்டு பூட்ச்சு!" என்று எல்லாக் கதவிலிருந்தும் குரல்.

பழக்கதோஷம், ஓடினேன். ட்ரிப் சுவிட்ச் கீழே விழுந்திருந்தது. தூக்கிவிடக் கை போய்விட்டது, விரல்கூடப் பட்டுவிட்டது. நிறுத்தினேன். "யாரும் இத்த தொடாதீங்க!" என்று கத்திவிட்டு நூரு அக்கா வீட்டுக்குள் போனேன்.

அவர் கிரைண்டர் அருகே நின்றுகொண்டிருந்தார். முழங்கை வரை மாவு. ஒரு செருப்பு வார் அறுந்து மூலையில் கிடந்தது, இன்னொன்று அதன் மேல். கழுவிய தண்ணீர் தேங்கிய தரையில் வெறுங்கால்.

"கைய வெச்சேன்மே. சுருக்குனு ஒரு குத்து. அத்தோட எல்லாம் நின்னுட்ச்சு." அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். மாவுக் கையோடு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

உள்ளே ஒயர் தோல் உரிந்து மிஷின் உடம்பை மொத்தமாகத் தொட்டிருந்தது என்று தாஸ் பிறகு திறந்து பார்த்துச் சொன்னார். பழைய பெட்டியும் என் கொடிக் கம்பியும் இருந்திருந்தால் அது அன்றைக்கு நக்கியிருக்காது, கடித்திருக்கும்.

நூரு அக்கா வீட்டு லைனை அணைத்துவிட்டு, ட்ரிப் சுவிட்சைத் தூக்கினேன். மற்ற ஐந்து வீட்டிலும் ஃபேன் ஓட ஆரம்பித்தது. கரண்ட் போனதற்காக வாழ்க்கையிலேயே முதல் தடவை நான் சந்தோஷப்பட்ட நாள் அது.

உள்ளறையிலிருந்து காதர் பாய் குரல் கொடுத்தார். "இன்னா, நம்ம ஃபேன் மட்டும் ஓடல?"

"ஓடாது. கம்முனு கெட," என்றார் நூரு அக்கா. பிறகு என்னைப் பார்த்து, ஆணியில் தொங்கிய பனையோலை விசிறியைக் கண்ணால் காட்டினார். "வசந்தீ, அவுருக்கு வேர்க்கும்."

தாஸ் வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அந்தத் தலைமாட்டில் உட்கார்ந்து, கை மாற்றி மாற்றி நான்தான் விசிறினேன்.